'அக்வேரியம்'னு பேர் வைத்தவரின் தொட்டியில் ஒளிந்திருந்த திருட்டுப் புழு!

ராத்திரி பன்னிரண்டு மணி. ஹால் லைட் எல்லாம் ஆஃப். கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கும் பலருக்கு இந்த நேரத்தில் ஒரு பழக்கம் உண்டு. மொபைல் டார்ச்சை ஆன் பண்ணி, சத்தமில்லாமல் தொட்டிப் பக்கம் போய், கல் இடுக்கில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள். பகலில் மீன் மட்டுமே தெரிந்த தொட்டியில் இப்போது வேறொரு ஊரே நடமாடிக்கொண்டிருக்கும். கல் பொந்திலிருந்து எட்டிப் பார்க்கும் முள்முடிப் புழு, கண்ணாடியில் ஒட்டி ஊர்ந்துபோகும் வெள்ளைப் புள்ளி, நூல் நூலாகக் கைகளை நீட்டி மணலைத் துழாவும் ஏதோ ஒன்று. இதில் எதையும் நீங்கள் காசு கொடுத்து வாங்கியிருக்க மாட்டீங்க. கல்லோடு ஓசி டிக்கெட்டில் வந்து இறங்கியவை. இந்த ஹாபியில் இருப்பவர்கள் இவற்றுக்கு வைத்திருக்கும் பேர், ஹிட்ச்ஹைக்கர்ஸ்.

பெரும்பாலும் சாதுக்கள். சில நேரம் அப்படி இல்லை. 2009-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், நியூகீ என்ற ஊரில் இருக்கும் பொது அக்வேரியம் ஒன்றில் பவளங்கள் துண்டு துண்டாக அறுபட்டுக் கிடந்தன. மீன்களுக்குக் காயம். பொறி வைத்துப் பார்த்தார்கள், ராத்திரியோடு ராத்திரியாக அந்தப் பொறியே பிய்ந்துபோனது. கடைசியில் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டியைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே ஒரு மீட்டருக்கும் நீளமான கடல்புழு! அதற்கு 'பேரி' என்று செல்லப் பேர் வைத்தார்கள். அது எப்போது, எப்படி உள்ளே வந்தது? குட்டியாக இருந்தபோது ஏதோ ஒரு கல்லில் ஒளிந்து வந்திருக்க வேண்டும்.

நம்ம தொட்டியில் புதுசா ஒண்ணு நெளியுதே, இது யாரு, இதனால ஆபத்து உண்டா? இந்தக் கேள்வியை முதன்முதலில் சாதாரண ஜனங்களின் வரவேற்பறைக்குக் கொண்டுவந்தவர் ஒருவர் இருக்கிறார். பிலிப் ஹென்றி காஸ். (பாஸ் என்று சொல்வது மாதிரியே காஸ்.) கடல்நீர்த் தொட்டிக்கு 'அக்வேரியம்' என்ற பேரை நிலைக்க வைத்தவரும் அவர்தான்.

கப்பல் ஏறிய குமாஸ்தா

1810 ஏப்ரல் 6-ம் தேதி இங்கிலாந்தின் வூஸ்டரில் பிறந்தார் காஸ். அப்பா ஓர் ஓவியர். உள்ளங்கை அளவுக் குட்டி உருவப்படங்கள் வரைந்து, ஊர் ஊராகப் போய் விற்கிற பிழைப்பு. வருமானம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் அந்த நுணுக்கக் கை மகனுக்கு அப்படியே வந்துவிட்டது. வளர்ந்தது பூல் என்ற துறைமுக ஊரில். அங்கே இருந்த அத்தைக்குப் பூச்சி, புழு, கடல் உயிர்கள் என்றால் கொள்ளைப் பிரியம். கடல் சாமந்தியைக் கடல் தண்ணீரில் போட்டுவைத்தால் வீட்டிலேயே உயிரோடு இருக்கும் என்று பையனுக்குச் சொல்லிக் கொடுத்தது அந்த அத்தைதான். அப்போது அது சும்மா விளையாட்டு.

காலேஜ் எல்லாம் கிடையாது. 17 வயதில் கணக்கெழுதும் குமாஸ்தாவாக அட்லாண்டிக் தாண்டி நியூஃபவுண்ட்லாந்துக்கு அனுப்பப்பட்டார். எட்டு வருடம் அங்கே. 1832-ல் மைக்ரோஸ்கோப் பற்றிய பழைய புத்தகம் ஒன்று கைக்குக் கிடைக்க, வாழ்க்கையே திசை திரும்பியது. அதே வருடம்தான் தீவிர மதப்பற்றும் பிடித்துக்கொண்டது. ஒரு கையில் லென்ஸ், இன்னொரு கையில் பைபிள். சாகும்வரை இரண்டையும் அவர் கீழே வைக்கவில்லை. பின்னால் வந்த குழப்பத்துக்கெல்லாம் இதுதான் விதை.

அடுத்து கனடாவில் விவசாயம், படுதோல்வி. அலபாமாவில் பண்ணை முதலாளிகளின் பிள்ளைகளுக்கு வாத்தியார் வேலை. அங்கே அடிமைகள் நடத்தப்பட்ட விதத்தைப் பார்க்கச் சகிக்காமல் 1839 தொடக்கத்தில் ஊர் திரும்பினார். 1844-ல் ஜமைக்கா, அங்கே பறவை ஆராய்ச்சி. இதையெல்லாம் விரிவாகச் சொன்னால் தனிக் கட்டுரை ஆகிவிடும், தாண்டிவிடுவோம்.

1848-ல் எமிலி போவ்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். அவரைவிட மூத்தவர், எழுத்தாளர், அவரைப் போலவே தீவிர பக்தை. மறு வருடம் செப்டம்பரில் மகன் எட்மண்ட் பிறந்தான். அன்றைக்கு காஸ் டைரியில் என்ன எழுதினார் தெரியுமா? மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்தது என்று ஒரு வரி. அதே மூச்சில், ஜமைக்காவிலிருந்து பச்சைத் தகைவிலான் பறவை ஒன்று வந்து சேர்ந்தது என்று அடுத்த வரி. அவ்வளவுதான். அப்பாவுக்கு என்னைவிடப் பறவைதான் முக்கியமா என்று மகன் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டில் நான்தான் முதலில் வந்தேன், அதனால் என் பேர் முதலில் இருக்கிறது, வரிசையில் அப்பா அவ்வளவு கறார் என்று பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே எழுதினார்.

கல்லோடு சேர்த்துத்தான் எடுக்கணும்

ஓயாத எழுத்து வேலையில் உடம்பு கெட்டது. தலைவலி தாங்கவில்லை. கடற்கரைக்குப் போய் ஓய்வெடுங்கள் என்று டாக்டர் சொல்ல, 1852-ல் குடும்பத்தோடு டெவன் கடற்கரைக்குப் போனார். ஓய்வா எடுத்தார்? தினமும் கடல் உள்வாங்கும் நேரம் பார்த்து, இடுப்பளவு தண்ணீரில் பாறைக் குட்டைகளுக்குள் இறங்கிவிடுவார்.

அங்கே அவர் கண்டுகொண்ட ஒரு விஷயம் இன்றைய தொட்டிக்காரர்களுக்கும் பொருந்தும். கடல் உயிர்களை மட்டும் ஜாடியில் போட்டால் தண்ணீர் சீக்கிரம் கெட்டுவிடும். பச்சைக் கடற்பாசியும் கூட இருந்தால், அது வெளிச்சத்தில் ஆக்ஸிஜனை விட்டுக்கொண்டே இருக்கும், உயிர்கள் தாக்குப்பிடிக்கும். ஆனால் கடற்பாசியைப் பிடுங்கி வந்து போட்டால் பிழைக்காது. அதற்கு நிலத்துச் செடி மாதிரி வேர் கிடையாது, பாறையைக் கவ்விப் பிடித்திருக்கும். அதனால் சுத்தியலும் உளியும் எடுத்துப்போய், பாசி ஒட்டியிருக்கும் பாறைத் துண்டையே சில்லு சில்லாகப் பெயர்த்து வந்தார். இன்றைக்குக் கடையில் 'லைவ் ராக்' என்று கிலோ கணக்கில் விற்கிறார்களே, ஏறக்குறைய அதே சமாச்சாரம்.

கல்லோடு எடுத்தால் கல்லில் குடியிருப்பவர்களும் கூடவே வருவார்களே? வந்தார்கள். காஸுக்கு அதுதான் கொண்டாட்டம். நாம் தொட்டியில் புழுவைப் பார்த்தால் இடுக்கியைத் தேடுவோம். அவர் மைக்ரோஸ்கோப்பைத் தேடினார்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த முயற்சியில் அவர் முதல் ஆள் இல்லை. 1832 வாக்கிலேயே சிசிலியில் ஜான் வில்ப்ரூ-பவர் என்ற பெண் விஞ்ஞானி கண்ணாடித் தொட்டியில் கடல் உயிர்களை வைத்து ஆராய்ந்திருக்கிறார். லண்டனில் அன்னா தின் என்ற பெண்மணி 1840-களில் பவளங்களை வீட்டில் வளர்த்தார். தண்ணீரில் காற்று கலக்க, பணிப்பெண் அதைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் ஊற்றி ஊற்றி ஆற்றுவாராம், நம்ம டீ மாஸ்டர் மாதிரி! ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல் நிபுணரும் காஸுக்கு முன்னும் கூடவும் இதே சோதனையைச் செய்தார். ஆனால் இதை ஊரே செய்யும்படி ஆக்கியது காஸின் பேனாவும் தூரிகையும்தான்.

1853 மே மாதம் லண்டன் மிருகக்காட்சி சாலையில் 'ஃபிஷ் ஹவுஸ்' திறக்கப்பட்டது. உலகின் முதல் பொது அக்வேரியம். அதற்குக் கடல் உயிர்களைப் பிடித்து அனுப்பியவர்களில் காஸும் ஒருவர். அடுத்த வருடம், 1854-ல், 'தி அக்வேரியம்' என்ற அவர் புத்தகம் கலர் படங்களோடு வெளிவந்தது. அதுவரை 'விவாரியம்', 'அக்வா-விவாரியம்' என்று வாயில் நுழையாத பேர்கள் ஓடிக்கொண்டிருந்தன. காஸ் எளிமையாக அக்வேரியம் என்றார், ஒட்டிக்கொண்டது. கடற்கரையே இல்லாத ஊர்க்காரர்கள் என்ன செய்வது? சாப்பாட்டு உப்பு, எப்சம் சால்ட் உள்பட நாலு உப்புகளைக் கலந்து வீட்டிலேயே கடல்நீர் தயாரிக்கும் ரெசிப்பியையும் அதே 1854-ல் கொடுத்துவிட்டார்.

நண்டு வாயிலிருந்து பிடுங்கித் தின்ற கேடி

அந்தப் புத்தகத்தில் ஒரு சம்பவம். கடல்நீர்த் தொட்டி ஹிட்ச்ஹைக்கர்களின் வரலாற்றில் இதற்கு ஈடாக இன்னொன்றை நான் படித்ததில்லை.

காஸின் தொட்டியில் ஒரு துறவி நண்டு. காலி சங்குக்குள் குடியிருக்குமே, அது. அதற்கு வேகவைத்த கறித் துண்டு ஒன்றைக் கொடுத்தார். நண்டு கொடுக்கால் வாங்கி, வாய்க்குக் கொண்டுபோய், நிதானமாக மென்றுகொண்டிருந்தது. திடீரென்று சங்குக்கும் நண்டின் உடம்புக்கும் நடுவிலிருந்து ஒரு தலை நீண்டது. அழகான ஒரு புழு! அது நண்டின் வலது கன்னத்தை ஒட்டி வழுக்கிக்கொண்டு வந்து, மென்றுகொண்டிருந்த வாய் உறுப்புகளுக்கு நடுவிலேயே தலையை விட்டு, கறியைக் கவ்வி, இழுத்துப் பறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. நண்டு கோபப்படவே இல்லை. வழக்கமாக நடக்கிற விஷயம்தானே என்பதுபோல இருந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த காஸுக்கு ஆச்சர்யம் தாங்கவில்லை.

அந்தப் புழு நெரீஸ் என்ற வகையைச் சேர்ந்தது. துறவி நண்டின் சங்குக்குள் ஒண்டுக்குடித்தனம் இருப்பது அதன் வழக்கம். வாடகையும் இல்லை, சாப்பாடும் ஃப்ரீ. இன்றைக்கு யார் தொட்டியிலாவது நண்டுக்குப் பின்னாலிருந்து புழுத் தலை எட்டிப் பார்த்தால், 170 வருடத்துக்கு முன்னால் காஸ் பார்த்த அதே கூட்டணிதான்.

இன்னொன்று இதைவிட விநோதம். சபெல்லா என்ற விசிறிப் புழு மணலாலும் சேற்றாலும் குழாய் கட்டிக்கொண்டு அதற்குள் வாழும், தலையில் இறகு விசிறி மாதிரி விரித்துக்கொள்ளும். காஸின் தொட்டியில் அப்படி ஒரு குழாயின் வாயைச் சுற்றிக் குட்டிக் குட்டி உருவங்கள் முளைத்திருந்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, ஒரு உடம்பு, இரண்டே இரண்டு கைகள். அச்சு அசல் மனித வடிவம். குனிந்து நிமிர்ந்து, கைகளை வீசி ஆடிக்கொண்டிருந்தன. உண்மையில் அவை ஜெல்லிமீன் சொந்தத்தில் வரும் ஹைட்ராய்டு என்ற நுண்ணுயிர்கள். அதுவரை அறிவியலுக்கே தெரியாதவை. வாசலில் நின்று வீட்டைக் காக்கும் ரோமானியக் குலதெய்வங்களின் பேரையே அதற்கு வைத்தார் காஸ்: லார் சபெல்லாரம். நம்ம ஊராக இருந்தால் கருப்பசாமி என்று வைத்திருக்கலாம். 1857-ல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. கடலுக்குப் போகாமல், தொட்டிக்குள் ஓசியில் வந்த ஒன்றைப் பார்த்தே ஒரு புது உயிரைக் கண்டுபிடித்துவிட்டார் மனுஷன்.

அவர் அடையாளம் காணும் முறை, இன்று மொபைலில் ஜூம் பண்ணிப் பார்க்கும் நமக்கும் கைகொடுக்கும். கலரை நம்பாதே, உறுப்பை எண்ணு. உடம்பு வளையம் வளையமாக இருக்கிறதா, ஒரே தட்டையா? தட்டை என்றால் தட்டைப்புழு. வளையத்துக்கு வளையம் பக்கவாட்டில் முள்முடி இருந்தால் பல்முடிப் புழுக்களின் குடும்பம். தலையில் எத்தனை உணர்கொம்பு? நெரீஸுக்கு நடுவில் இரண்டு, நாலு கண். பேரியின் இனத்துக்கு ஐந்து கொம்பு, உடம்பில் வானவில் மினுமினுப்பு. முதுகில் ஓடு அடுக்கிய மாதிரி செதில் இருந்தால் செதில்புழு. பொந்துக்குள் உடம்பை வைத்துக்கொண்டு நூல் கைகளை மட்டும் வெளியே பரப்பினால் டெரெபெல்லா, அழுக்கைச் சுத்தம் செய்கிற அப்பாவி. கண்ணாடியில் சுண்ணாம்பால் சுருட்டி வைத்த குண்டூசித் தலை அளவு வெள்ளைச் சுருள் தெரிகிறதா? அதுவும் குழாய்ப் புழுதான், ஸ்பைரோர்பிஸ் வகை. ஒன்றும் செய்யாது, விட்டுடுங்க. முள்முடிப் புழுவை மட்டும் வெறும் கையால் தொடாதீங்க. அதில் நெருப்புப்புழு வகை இருந்தால் முடி விரலில் ஏறி, தீப்பட்ட மாதிரி எரியும்.

தொட்டி வாங்கியவர்கள் எல்லாரும் இது என்ன, அது என்ன என்று தவித்ததால், 1855-56-ல் இரண்டு பாகமாக ஒரு கையேடு போட்டார் காஸ். பிரிட்டன் கடலில் இருக்கும் உயிர்வகைகளை வரிசைப்படுத்தி, ஏறத்தாழ 700 படங்களோடு. பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகலாம். இன்றைய ஐ.டி. கைடுகளுக்கெல்லாம் தாத்தா. 1856-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. டிகிரி இல்லாத முன்னாள் குமாஸ்தாவுக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

1857

அந்த வருடம் அவரைப் புரட்டிப் போட்டது.

எமிலிக்கு மார்பகப் புற்றுநோய். அன்று புதிதாகப் பேசப்பட்ட, உடம்பைப் பொசுக்கும் மருந்து வைக்கும் சிகிச்சை ஒன்றை நம்பிப் போனார்கள். மாதக்கணக்கில் வலி. பலன் இல்லை. 1857 பிப்ரவரியில் எமிலி இறந்துபோனார். எட்மண்டுக்கு அப்போது ஏழு வயது.

அதே வருடம் காஸ் இன்னொரு புத்தகம் வெளியிட்டார், 'ஆம்ஃபலோஸ்'. கிரேக்கத்தில் தொப்புள் என்று அர்த்தம். பாறை அடுக்குகளும் புதைபடிவங்களும் பூமி மிக மிகப் பழையது என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். டார்வினும் அவர் நண்பர் ஹூக்கரும் தங்கள் புதுச் சிந்தனையைப் பற்றி அந்த ஆண்டு காஸிடமும் பேசிப் பார்த்திருக்கிறார்கள். பைபிளையும் விட முடியவில்லை, கண்ணால் பார்த்த கல்லையும் மறுக்க முடியவில்லை. ஒரு வழி கண்டுபிடித்தார். அம்மா வயிற்றில் பிறக்காத ஆதாமுக்கும் தொப்புள் இருந்திருக்கும் அல்லவா? அதுபோல, கடவுள் படைத்த கணத்திலேயே பூமியும் பழைய அடையாளங்களோடு, புதைபடிவங்களோடு படைக்கப்பட்டது என்றார். விஞ்ஞானிகளும் பக்தர்களும் சண்டை போடாமல் ஒன்றாகக் கைகுலுக்குவார்கள் என்று நினைத்தார். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். டார்கே கடற்கரையில் பிடித்த கடல் உயிர்களைக் கூடையில் போட்டு அவருக்கு அனுப்பிவைத்த நண்பர், எழுத்தாளரும் பாதிரியாருமான சார்லஸ் கிங்ஸ்லிகூட, கடவுள் பாறைகளில் பொய் எழுதினார் என்பதை என்னால் ஏற்க முடியாது என்று கடிதம் போட்டுவிட்டார். புத்தகம் விற்காமல் தேங்கி, பழைய பேப்பருக்குப் போனது.

என்னைக் கேட்டால், அந்தப் புத்தகத்துக்காக மட்டும் காஸை நினைவில் வைத்துக்கொண்டு கேலி பண்ணுவது அநியாயம். மனைவியைப் பறிகொடுத்த வருடம் அது. மேலே போனால் அவரை மறுபடி பார்க்கலாம் என்ற நம்பிக்கை ஒரு பக்கம், இத்தனை வருடம் தன் கண்ணே சொல்லிக்கொடுத்த உண்மை இன்னொரு பக்கம். எதை விடுவார்?

குட்டைகள் காலியான கதை

மகனை அழைத்துக்கொண்டு டெவனுக்கே குடிபோனார். செயின்ட் மேரிசர்ச் என்ற ஊர். அப்பாவும் பிள்ளையுமாகத் தினமும் பாறைக் குட்டைகளுக்குப் போனார்கள். பிரிட்டனின் கடல் சாமந்திகள், பவளங்கள் பற்றிய அவரது பெரிய புத்தகம் 1858-லிருந்து 60 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அதில் இருக்கும் ஒரு புது இனத்தைக் கண்டுபிடித்தது இன்னும் பத்து வயதுகூட நிரம்பாத எட்மண்ட். அப்பா அதைப் புத்தகத்திலேயே பதிவு செய்தார். டைரியில் பறவையோடு பங்கு போட்டுக்கொண்ட பையனுக்கு இந்த முறை தனி வரி!

ஆனால் அதற்குள் வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது? கண்ணாடி மீதான வரி 1845-லேயே போய்விட்டதால் தொட்டி விலை இறங்கியிருந்தது. ரயில் நேராகக் கடற்கரைக்கே வந்தது. லண்டனில் கடல் தண்ணீரையும் கடல் சாமந்தியையும் விற்கும் கடைகளே திறந்துவிட்டார்கள். அக்வேரியம் ஃபேஷன் ஆகிவிட்டது. லீவுக்கு வந்தவர்கள் ஆளுக்கு ஒரு சுத்தியல், ஒரு உளி, கையில் காஸின் புத்தகம். பாறையைக் கொத்திக் கொத்தி எடுத்தார்கள். அதில் பெரும்பாலானவை வீடு போய்ச் சேர்ந்த சில நாளிலேயே செத்து நாறின. வீட்டம்மா தொட்டியைத் தூக்கி வெளியே வைத்தார். 1860-களின் கடைசிக்குள் மோகம் முடிந்துபோனது.

குட்டைகள் மட்டும் பழையபடி ஆகவில்லை. யாரும் கை வைக்காமல் காலங்காலமாக நிறைந்திருந்த அந்தக் கடலோரத் தோட்டங்கள் கொள்ளை போனதையும், தன் புத்தகங்கள்தான் அதற்கு வழிகாட்டின என்று உணர்ந்து அப்பா பட்ட வேதனையையும், 1907-ல் வெளியிட்ட 'ஃபாதர் அண்ட் சன்' புத்தகத்தில் எட்மண்ட் பதிவு செய்திருக்கிறார். அழிக்கவேண்டும் என்று காஸ் நினைக்கவே இல்லை. எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான் நினைத்தார்.

1860-ல் எலைசா பிரைட்வென் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். கொஞ்ச காலம் ஆர்க்கிட் வளர்த்தார். வயதான காலத்தில் மறுபடி மைக்ரோஸ்கோப் பக்கம் வந்தார். இந்த முறை புழுக்களைவிடப் பொடியான ரோட்டிஃபர்கள். பெரும்பாலானவை அரை மில்லிமீட்டர்கூட வராது, தலையில் சக்கரம் சுற்றுவது மாதிரி மயிரிழைகள் சுழலும். இன்று பவளத் தொட்டிகளில் உணவாக ஊற்றுவதும், மீன் பண்ணைகளில் குஞ்சுகளுக்குக் கொடுப்பதும் இவற்றைத்தான். ஹட்சன் என்பவரோடு சேர்ந்து 1886-ல் இவை பற்றி ஒரு பெரிய புத்தகம் கொண்டுவந்தபோது காஸுக்கு வயது 76. அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. புதுப்புது இனங்களை வரைந்து சேர்த்துக்கொண்டே இருந்தார். 1888 ஆகஸ்ட் 23-ம் தேதி செயின்ட் மேரிசர்ச் வீட்டில் காலமானார். அந்தப் புத்தகத்தின் கூடுதல் பகுதி அவர் இறந்த மறு வருடம்தான் அச்சாகி வந்தது.